இணையத்தில் கேள்வி கேட்கப் போகிறீர்களா? தலைப்பில் கொஞ்சம் மினக்கெடுங்கள்

களுவாஞ்சிகுடியில் நான் ஒரு சிறிய கணினிக் கடை வைத்திருக்கிறேன். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் கடையில் நிற்க இடமிருக்காது. டியூஷன் குறிப்பு, மாதிரி வினாத்தாள் என்று பிள்ளைகள் அச்செடுக்க வந்துகொண்டே இருப்பார்கள். அப்படியான ஒரு வாரத்தில், தமிழ் பிடிஎஃப் ஒன்று திரையில் ஒழுங்காகத் தெரிந்தும் தாளில் கோணல்மாணலாக வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டு இணையத்தில் கேட்டேன். தலைப்பு இப்படி வைத்தேன்: “அவசரம்! பிரிண்டர் பிரச்சினை, தெரிந்தவர்கள் உதவவும்.”

இரண்டு நாள் போனது. வந்த ஒரே பதில், “என்ன பிரச்சினை?” என்பதுதான். உள்ளே எல்லாவற்றையும் விபரமாகத்தான் எழுதியிருந்தேன், ஆனால் உள்ளே போய் வாசிக்க யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் தலைப்பை மட்டும் மாற்றினேன்: “தமிழ் பிடிஎஃப் திரையில் சரி, அச்சில் கொம்பு இடம் மாறுகிறது: அடோபி ரீடர், விண்டோஸ் 10.” அன்றிரவே ஒருவர் இரண்டு வரியில் பதில் போட்டார். அச்சிடும் பெட்டியில் மேலதிகத் தெரிவுகளுக்குப் போய், படமாக அச்சிடுவதைத் தெரிவுசெய்யச் சொன்னார். செய்தேன், கொம்பு அதனதன் இடத்துக்கு வந்தது.

அந்த இரண்டு நாளில் குறிப்பில்லாமல் திரும்பிப் போன பிள்ளைகளின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது. புதிதாகக் கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைப்பு யாருக்காக?

பதில் தெரிந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வருகிறார். கையில் போன். திரையை மேலே தள்ளித் தள்ளி வருகிறார். அவர் உங்களுக்கு உதவ மாட்டேன் என்று நினைப்பவர் அல்ல, தனக்குத் தெரிந்தது எதிர்ப்பட்டால் நின்று பதில் சொல்லக் கூடியவர்தான். ஆனால் “உதவி தேவை” என்ற வரி அவரிடம் எதையும் சொல்வதில்லை. பிரிண்டர் தெரிந்தவரும், பயிர் தெரிந்தவரும், பைத்தன் நிரல்மொழி தெரிந்தவரும் அதை ஒரே மாதிரித்தான் கடந்து போவார்கள். ‘இது எனக்குத் தெரிந்த விடயம்’ என்று அவர் மனதில் படவைப்பது மட்டும்தான் தலைப்பின் வேலை.

இன்னொருவரும் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து இதே சிக்கலோடு தேடி வரப்போகிறவர். அவர் தேடுபெட்டியில் எந்தச் சொற்களைத் தட்டுவாரோ, அந்தச் சொற்கள் உங்கள் தலைப்பில் இருந்தால் உங்களுக்குக் கிடைத்த பதில் அவருக்கும் கிடைக்கும்.

முதலில் கேள்வியை எழுதுங்கள், தலைப்பை அல்ல

கேள்வி கேட்கும் பக்கத்தைத் திறந்தால் தலைப்புக்கான கட்டம்தான் முதலில் நிற்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே போங்கள். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், நீங்கள் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதை முதலில் எழுதி முடியுங்கள். எழுதும்போதே பாதிச் சிக்கல் என்னவென்று உங்களுக்கே பிடிபடும். சிலவேளை பதிலே கிடைத்துவிடும்.

எழுதியதை வாசித்துப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியலாம். “லாப்டாப் சூடாகிறது, வைஃபையும் அடிக்கடி விடுபடுகிறது” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சூட்டுக்குப் பதில் சொல்பவர் ஒருவர், வைஃபைக்கு இன்னொருவர். இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரே தலைப்புக்குள் இரண்டையும் திணித்தால் இருவருமே மற்றவர் சொல்வார் என்று போய்விடுவார்கள்.

அடுத்தது: எது, என்ன ஆனது

நல்ல தலைப்புக்கு இரண்டு துண்டு போதும். எந்தப் பொருள் என்பது ஒன்று. அதற்கு என்ன ஆனது என்பது மற்றது. இரண்டாவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். “வேலை செய்யவில்லை”, “பிரச்சினை”, “பழுது”, “சரிவரவில்லை” என்று எழுதிவிடுகிறோம். கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் ஒரு பிள்ளை, “பைத்தன் புரோகிராம் பிழை, உதவுங்க அண்ணா” என்று கேட்டிருந்தார். உள்ளே பார்த்தால் விடயம் மிகச் சின்னது. பாவனையாளரிடம் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டுகிற நிரல். 5, 3 என்று கொடுத்தால் 8 வருவதற்குப் பதில் 53 வருகிறது. அதையே தலைப்பாக்கிப் பாருங்கள்: “பைத்தன்: பாவனையாளர் தந்த 5, 3 ஐக் கூட்டினால் 8 வராமல் 53 வருகிறது.” பைத்தன் தெரிந்த எவரும் இந்த வரியைக் கண்டதுமே காரணத்தைச் சொல்லிவிடுவார். தட்டச்சில் வாங்குவதைப் பைத்தன் எழுத்துத் தொடராகத்தான் வைத்துக்கொள்ளும். தொடர்களைக் கூட்டினால் ஒட்டும். முழு எண்ணாக மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும். இந்தத் தலைப்பில் “பிழை” என்ற சொல்லே இல்லை, ஆனால் பிழை எங்கே என்று தெரிகிறது.

கணினி தானே ஒரு பிழைச்செய்தியைக் காட்டினால் வேலை இன்னும் சுலபம். அந்தச் செய்தியையும் பிழை எண்ணையும் உள்ளபடியே எடுத்துப் போடுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், நினைவிலிருந்து எழுதவும் வேண்டாம். “மைஎஸ்கியூஎல் பிழை 1045: கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கிறது” என்று ஒரு தரவுத்தளக் கேள்வி இருந்தால், அந்த 1045 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டே ஆட்கள் வருவார்கள்.

மருந்தைக் கேட்காதீர்கள், நோயைச் சொல்லுங்கள்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் காசும் பயிரும் போகிறது.

போன பெரும்போகத்தில் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, ஏக்கருக்கு இன்னும் எவ்வளவு யூரியா போடலாம் எண்டு இணையத்தில ஒருக்கா கேட்டுப் பாரு” என்றார். அதையே தலைப்பாக்கிக் கேட்டிருக்கலாம். யாராவது ஓர் அளவைச் சொல்லியும் இருப்பார்கள். ஆனால் எதற்காக மேலதிக யூரியா என்று கேட்டபோதுதான் விடயம் வந்தது. வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் மஞ்சளாகிக் காய்கிறது, பசளை போதவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். படம் எடுத்துவரச் சொன்னேன். படத்தில் அடித்தண்டில் கபில நிறச் சிறு பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

தலைப்பை இப்படி எழுதினோம்: “நெல் 50 நாள், வட்டம் வட்டமாகக் காய்கிறது, அடித்தண்டில் சிறிய கபிலப் பூச்சி: அறக்கொட்டியானா?” பதில் சொன்னவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது, யூரியா போடுவதை நிறுத்துங்கள் என்பதுதான். யூரியா தருவது தழைச்சத்து, அது கூடக்கூட அந்த அறக்கொட்டியான் பூச்சி பெருகும். யூரியா அளவைத் தலைப்பாக்கியிருந்தால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருக்கும், வயல் போயிருக்கும்.

கணினியிலும் இதே கதைதான். “விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் போடுவது எப்படி?” என்று கேட்பவருக்கு உண்மையில் தேவைப்பட்டது, மெதுவாகிப்போன கணினியை வேகமாக்குவது. ஒரு தீர்வை நாமே முடிவுசெய்துகொண்டு, அதைச் செய்யும் வழியை மட்டும் கேட்கிறோம். தலைப்பு எழுதுமுன் உங்களையே ஒரு தடவை கேளுங்கள்: ‘இதை எதற்காகக் கேட்கிறேன்?’ அந்த ‘எதற்காக’ தலைப்பில் இருக்கட்டும்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு தனிச் சிக்கல்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கதைக்கும்போது அது அழகு, கேட்பவர் கடைசிவரை காத்திருப்பார். தலைப்பில் அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. போன் திரையில் நீண்ட தலைப்பின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாகிவிடும். வெட்டுப்படுவது முக்கியமான துண்டாகவே இருக்கும்.

“நான் போன கிழமை மட்டக்களப்பு டவுனில் வாங்கிய பழைய லாப்டாப்பில் விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிகின்றன.” இலக்கணப்படி இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரையில் தெரியப்போவது “நான் போன கிழமை மட்டக்களப்பு டவுனில் வாங்கிய…” என்பது மட்டும்தான். அதைப் பார்ப்பவர் லாப்டாப் விற்பனை விளம்பரம் என்றுகூட நினைக்கலாம்.

வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். “தமிழ் எழுத்து பெட்டியாகத் தெரிகிறது: விண்டோஸ் புதிதாக நிறுவிய பின்.” பொருளும் குறையும் முன்னால், சூழ்நிலை பின்னால். முழு வாக்கியமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பத்திரிகைத் தலைப்பும் முழு வாக்கியமாக இருப்பதில்லை.

இன்னொன்று, நாம் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறவர்கள். பிரிண்டர், பிரிண்டரில், பிரிண்டருக்கு, பிரிண்டரை எல்லாம் நமக்கு ஒரே பொருள். எல்லாத் தேடுபெட்டிகளுக்கும் அப்படி இல்லை. ஒருவர் “மரவள்ளி” என்று தேடினால், “மரவள்ளியில்” என்று மட்டும் எழுதிய உங்கள் தலைப்பு சில இடங்களில் அகப்படாமல் போகலாம். ஆகவே முக்கியப் பெயரை ஒரு தடவையாவது உருபு ஒட்டாமல் தலைப்பின் முன்னால் வைத்து, முக்காற்புள்ளி போட்டுவிடுங்கள். “மரவள்ளி: இலை சுருண்டு மஞ்சள் புள்ளி விழுகிறது.” நான் இந்த முறைக்கு மாறிய பிறகு பழைய கேள்விகளைத் தேடி எடுப்பது எனக்கே சுலபமாகிவிட்டது.

எந்தப் பெயரை எழுதுவது?

நமது பக்கத்தில் அறக்கொட்டியான் என்போம். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தில் கபிலநிறத் தத்தி என்றிருக்கும். தமிழ்நாட்டு விவசாயி புகையான் என்பார். மூன்றும் ஒரே பூச்சி. இப்படி எத்தனையோ இருக்கின்றன. நாம் பசளை என்றால் அங்கே உரம், நாம் பப்பாசி என்றால் அங்கே பப்பாளி, நமது கச்சான் அங்கே நிலக்கடலை, தேசிக்காய் அங்கே எலுமிச்சை.

உங்கள் ஊர்ச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லால்தான் நமது ஆட்கள் தேடுவார்கள். ஆனால் தமிழில் பதில் எழுதுகிறவர்களில் பலர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். அதனால் இரண்டையும் போடுங்கள்: “பப்பாசி (பப்பாளி): காய் பழுக்குமுன் கறுப்புப் புள்ளி.” பெயர் தெரியாவிட்டால் பெயரை ஊகிக்க வேண்டாம். நிறம், அளவு, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தவறான பெயர் தவறான ஆளைக் கூட்டிவரும்.

ஊரின் பெயரைப் போடுவதா என்றால், பதில் ஊருக்கு ஊர் மாறுமென்றால் போடுங்கள். வயலுக்கு இங்கினியாகலைப் பக்க நீர்ப்பாசனமா, மானாவாரியா என்பது முக்கியம். கரையோர உப்புத் தரையா என்பது முக்கியம். பைத்தனுக்கு அம்பாறையும் ஒன்றுதான், அவுஸ்திரேலியாவும் ஒன்றுதான்.

எழுத்துருவையும் கவனியுங்கள். இலங்கையில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். பாமினியில் எழுதியதை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால், மற்றவர் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் விழும். ஒட்டுமுன், எல்லோர் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதும் தலைப்புக்கு நல்லதல்ல. ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தேடுகிறவருக்கு அகப்படாது.

எதை வெட்டுவது?

பாடசாலையில் கடிதம் எழுதப் பழக்கும்போது, “ஐயா” என்று விளித்து, அதன் கீழே கோடிட்டு ஒரு தலைப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதங்களை இன்றும் அப்படித்தான் எழுதுகிறோம். “காணி அனுமதிப்பத்திரம் தொடர்பாக.” அங்கே அது பொருந்தும், கடிதத்தை எந்தக் கோப்பில் போடுவது என்று தெரிந்தால் போதும். கேள்வித் தலைப்பில் “தொடர்பாக”, “சம்பந்தமாக”, “பற்றி” என்று முடித்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். “பிரிண்டர் தொடர்பாக” என்றால், பிரிண்டருக்கு என்ன?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணாமார், நானாமார், நன்றி எல்லாம் உள்ளே வரட்டும். முகம் தெரியாதவரிடம் உதவி கேட்கும்போது ஒரு வணக்கம் சொல்லாமல் தொடங்க நமக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். உள்ளே முதல் வரியில் சொல்லுங்கள். தலைப்பில் அது இருந்தால், திரையில் தெரியும் கொஞ்ச இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

“அவசரம்” என்ற சொல்லை நானே போட்டு ஏமாந்தவன். கேட்பவர் எல்லோருக்கும் அவசரம்தான். ஏன் அவசரம் என்பதை உள்ளே ஒரு வரியில் சொன்னால், புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தொடர் ஆச்சரியக்குறிகளும் வேண்டாம்.

அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எதையும் தலைப்பிலும் போடாதீர்கள், உள்ளேயும் போடாதீர்கள். நீங்கள் பிறகு அழித்தாலும் யாராவது பிரதி எடுத்திருப்பார்கள்.

எவ்வளவு நீளம்?

எட்டு முதல் பன்னிரண்டு சொல் என்பது என் அனுபவத்தில் சரியான அளவு. சில தளங்கள் எல்லை வைத்திருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தலைப்பு 15 குறிகளுக்குக் குறையவும் கூடாது, 150 ஐத் தாண்டவும் கூடாது. அங்கே ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்பதால் எண்ணுவது சுலபம். தமிழில் கேட்கும் இடங்களில் இப்படி எல்லை இருந்தால், கணினி எண்ணும் விதம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். “கேள்வி” நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் கொம்பும் புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது ஆறு. இன்னும் இடமிருக்கிறதே என்று நினைக்கும்போதே கட்டம் நிறைந்துவிடும்.

அனுப்புமுன் இரண்டு சோதனை

உங்கள் தலைப்பை அப்படியே பிரதி எடுத்துத் தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள். இதே சிக்கல் வேறு ஒருவருக்கு ஏற்கெனவே வந்து பதிலும் கிடைத்திருக்கலாம். நீங்கள் கேட்கவே தேவையில்லாமல் போகும். வருகிற முடிவுகள் சம்பந்தமே இல்லாதவையாக இருந்தால், தலைப்பில் உள்ள சொற்கள் போதாது என்று அர்த்தம், திரும்பப் போய்த் திருத்துங்கள்.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரிடம் தலைப்பை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். கேள்வியைக் காட்ட வேண்டாம். “இதில என்ன கேக்கிறன் எண்டு விளங்குதா?” என்று கேளுங்கள். நான் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்பேன். அவர்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எதுவோ, அதற்கான பதில் தலைப்பில் விடுபட்டிருக்கிறது. “எந்த போன் அண்ணா?” என்றால் போனின் வகையைச் சேர்க்கிறேன். “எப்ப இருந்து?” என்றால் அதைச் சேர்க்கிறேன்.

குரல் பதிவு அனுப்புகிறவர்களுக்கு

நமது பக்கத்தில் வயது போனவர்கள் பலர் தட்டச்சுச் செய்வதில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு படத்தைப் போட்டு, கீழே இரண்டு நிமிடக் குரல் பதிவை அனுப்புவார்கள். அதில் பொன்னான விபரங்கள் இருக்கும், ஆனால் அதைக் கேட்க ஒருவர் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும், பஸ்ஸில் இருப்பவர் ஒதுக்க மாட்டார். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், பதிவுக்கு மேலே ஒரு வரி தட்டிவிடச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாவிட்டால், போனின் விசைப்பலகையிலுள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் ஒரு வரி சொல்லுங்கள், அதுவே எழுத்தாக்கித் தரும். சொற்கள் பிழையாக விழுந்தால் திருத்தி அனுப்புங்கள்.

அப்புறம், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கும்போதும் இந்த ஒரு வரி கைகொடுக்கும். என்ன பயிர், எத்தனை நாள், என்ன தெரிகிறது என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டால், ஆலோசனைக்கு உடனே வந்துவிடலாம்.

பதில் கிடைத்த பிறகு

தலைப்பை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். கேட்கும்போது உங்களுக்குத் தெரியாத காரணம் இப்போது தெரிந்திருக்கும். திருத்த அனுமதிக்கும் இடமென்றால் அந்தச் சொல்லையும் சேர்த்துவிடுங்கள். உறவுக்காரரின் கேள்வியில் “அறக்கொட்டியானா?” என்று இருந்ததை, “அறக்கொட்டியான் (கபிலநிறத் தத்தி, புகையான்)” என்று மாற்றிவைத்தோம். “தீர்ந்தது” என்று மட்டும் தலைப்பில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எப்படித் தீர்ந்தது என்பதை உள்ளே இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போங்கள். பதில் சொன்னவருக்கு நன்றி சொல்லும்போதே அதையும் எழுதிவிடலாம்.